இருட்டிலும் ஓயாத வெப்பம்: பெருத்த அணுக்களுக்கு என்ன நேர்கிறது?

வடசென்னையில் நான்கு இடங்களை எடுத்துக்கொள்வோம். எண்ணூர்ப் பக்கத்து வார்ப்பாலையில் அச்சுக்குள் ஊற்றும் இரும்பு சுமார் 1,400 டிகிரி செல்சியஸ். ராயபுரத்தில் விளக்கை அணைத்துவிட்டுப் படுக்கும் அறை 30 டிகிரி. காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் மீன்பெட்டிக்குள் உடைத்துப் போடும் ஐஸ் பூஜ்யம் டிகிரி. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019இல் திறக்கப்பட்ட எல்.என்.ஜி. முனையத்தின் தொட்டிகளில் கிடக்கும் திரவ இயற்கை எரிவாயு மைனஸ் 162 டிகிரி.

இந்த நான்கும் இடைவிடாமல் கதிர் வீசிக்கொண்டிருக்கின்றன. உருகிய இரும்பின் கதிர் கண்ணைக் கூச வைக்கிறது. மற்ற மூன்றின் கதிர் கண்ணில் படாது, ஆனாலும் அளவில் சிறியதல்ல. 30 டிகிரியில் இருக்கும் ஒரு சதுர மீட்டர் கரும்பரப்பு நொடிக்கு ஏறத்தாழ 480 ஜூல் ஆற்றலை வெளியே அனுப்புகிறது. ஐஸின் வெப்பநிலையில் அது 315 ஜூல். எல்.என்.ஜி. தொட்டியின் கடுங்குளிரிலும் 8 ஜூலுக்குக் குறைவதில்லை. வெப்பநிலை பூஜ்யம் கெல்வினாக இல்லாத எந்தப் பொருளும் கதிர் வீசாமல் இருப்பதில்லை. அதனால் எந்த அறையும் முழு இருட்டல்ல. சுவரும் தரையும் கூரையும் அனுப்பும் வெப்பக் கதிர்வீச்சு அதை எப்போதும் நிரப்பியிருக்கிறது.

நம்மைச் சுற்றியுள்ள சாதாரண அணுக்களில் எலக்ட்ரான் இருக்கும் நிலையை இந்தக் கதிர்வீச்சால் மாற்ற முடிவதில்லை. ஆனால் ஒருவகை அணுவுக்கு இதே அறை வெப்பம் தாங்க முடியாத தொந்தரவு. இயல்பாக வாழக்கூடிய காலத்தில் பாதியைக்கூட அது வாழ விடுவதில்லை. எலக்ட்ரான் வெகு உயரத்துக்கு ஏறிப்போன, பெருத்த அணுக்கள் அவை. ஆய்வகங்கள் அவற்றை வெப்பத்திலிருந்து காக்கப் பெரும்பாடு படுகின்றன. அதே அணுக்கள் விண்வெளியில் இயற்கையாகவே உருவாகின்றன. அவற்றின் குரலைக் கேட்ட கருவிகளில் ஒன்று நம் ஊட்டியில் இருக்கிறது.

அணு எப்படிப் பெரிதாகிறது?

ஹைட்ரஜன் அணுவில் ஒரே ஒரு எலக்ட்ரான். அது இருக்கக்கூடிய ஆற்றல் நிலைகள் படிக்கட்டுபோல வரிசையாக அமைந்தவை. ஒவ்வொன்றுக்கும் 1, 2, 3 என்று ஒரு முழு எண் உண்டு. பன்னிரண்டாம் வகுப்பில் முதன்மைக் குவாண்டம் எண் என்று படிப்பது இதைத்தான். இங்கே சுருக்கமாகப் படி எண் என்று வைத்துக்கொள்வோம். எலக்ட்ரான் 20, 30, 100 என்று உயர்ந்த படிகளில் இருக்கும் அணு ரிட்பெர்க் அணு எனப்படுகிறது. நிறமாலைக் கோடுகளின் ஒழுங்கை 1888இல் சூத்திரமாக எழுதிய சுவீடன் நாட்டு இயற்பியலாளர் யோஹன்னஸ் ரிட்பெர்க்கின் பெயர் அது.

மூன்று விதிகள் தெரிந்தால் இந்த அணுவின் குணம் முழுவதும் விளங்கிவிடும். அணுவின் விட்டம் படி எண்ணின் இருமடியாக வளர்கிறது. அணுக்கரு எலக்ட்ரானைப் பிடித்து வைத்திருக்கும் ஆற்றல் அதே இருமடியில் குறைகிறது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் உள்ள இடைவெளி படி எண்ணின் மும்மடியில் சுருங்குகிறது.

முதல் படியில் ஹைட்ரஜனின் விட்டம் சுமார் 0.1 நானோமீட்டர். எலக்ட்ரானைப் பிரித்தெடுக்க 13.6 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். அடுத்த படிக்கு ஏற்றவே 10.2 எலக்ட்ரான் வோல்ட் ஆகும். படி எண் 30 என்றால் விட்டம் 900 மடங்கு பெருகிவிடுகிறது, பிடிப்பு 0.015 எலக்ட்ரான் வோல்ட்டாகத் தளர்கிறது. 31ஆம் படிக்கு ஏற 0.001 எலக்ட்ரான் வோல்ட்டே போதும். படி எண் 100இல் அணு ஒரு மைக்ரோமீட்டர் அகலம், அதாவது சிறிய பாக்டீரியாவின் அளவு. படி எண் 272இல் அது 8 மைக்ரோமீட்டரை நெருங்கி நம் இரத்தச் சிவப்பணு அளவுக்கு வந்துவிடுகிறது. 272 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஊட்டியில் அது மீண்டும் வரும்.

இப்போது அறையின் வெப்பத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். இயற்பியலாளர்கள் அறை வெப்பநிலை என்று கணக்கில் எடுக்கும் 300 கெல்வின் 27 டிகிரி செல்சியஸ். சென்னையின் ஆண்டுச் சராசரி அதைவிட ஓரிரு டிகிரிதான் கூடுதல். ஆகவே நூல்களில் 300 கெல்வினுக்கு எழுதியிருக்கும் எண்கள் ராயபுரத்து வீட்டுக்கும் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். இந்த வெப்பநிலையில் வெப்ப ஆற்றலின் அளவு 0.026 எலக்ட்ரான் வோல்ட். அடிநிலையில், அதாவது முதல் படியில், இருக்கும் ஹைட்ரஜனுக்குத் தேவையான 10.2க்கு முன் அது ஒன்றுமே இல்லை. படி எண் 30இல் இருக்கும் அணுவுக்கோ, எலக்ட்ரானை முழுதாகப் பிய்த்தெடுக்கவே அது போதும்.

வெப்பம் உள்ளே என்ன செய்கிறது?

ஆற்றல் போதுமா என்பது கேள்வியின் ஒரு பாதி. எலக்ட்ரானை அலை எவ்வளவு வலுவாகப் பற்றுகிறது என்பது மறு பாதி. காசிமேட்டில் துறைச் சுவரோடு குட்டைக் கயிற்றில் இறுக்கிக் கட்டிய படகை நெடிய, மெல்லிய அலை அசைக்காது. நீளக் கயிற்றில் விட்டிருக்கும் படகை அதே அலை முன்னும் பின்னுமாக இழுத்துப் போகும். அடிநிலை எலக்ட்ரான் குட்டைக் கயிற்றில் இருக்கிறது. உயர் படி எலக்ட்ரான் மிக நீளமான கயிற்றில் இருக்கிறது. மில்லிமீட்டர் அலைநீளமுள்ள வெப்பக் கதிர் அதைப் பற்றும் வலு, படி எண்ணோடு வேகமாக ஏறுகிறது.

ஒளிக்கும் அணுவுக்கும் இடையே மூன்று நிகழ்வுகள் உண்டு என்று ஐன்ஸ்டைன் 1917இல் காட்டினார். அணு தானாகவே ஃபோட்டானை வெளியிட்டுக் கீழே இறங்கலாம். இது தன்னிச்சை உமிழ்வு. வெளியிலிருந்து வரும் ஃபோட்டானை விழுங்கி மேலே ஏறலாம், இது உட்கவர்தல். வெளியிலிருந்து வரும் ஃபோட்டானால் உந்தப்பட்டு, அதேபோன்ற இன்னொன்றை வெளியிட்டு இறங்கலாம். இது தூண்டு உமிழ்வு. முதலாவதற்கு வெளி உதவி தேவையில்லை. மற்ற இரண்டும் எவ்வளவு வேகமாக நடக்கும் என்பது ஒரே ஓர் எண்ணில் அடங்குகிறது: அணுவுக்கு வேண்டிய அந்த அதிர்வெண்ணில், ஒவ்வோர் அலை முறைக்கும் (அலை அதிரக்கூடிய ஒவ்வொரு தனி விதத்துக்கும்) சராசரியாக எத்தனை வெப்ப ஃபோட்டான்கள் இருக்கின்றன? பிளாங்க் 1900இல் கண்ட விதியை, ஃபோட்டான்களை எண்ணும் புது முறையால் 1924இல் டாக்காவிலிருந்து நிறுவியவர் சத்யேந்திர நாத் போஸ். அந்த விதியே இதற்கு விடை தருகிறது.

முதலில் அடிநிலை ஹைட்ரஜனுக்கு. ராயபுரத்து அறையில் அதற்கு வேண்டிய ஃபோட்டான் எண்ணிக்கை, ஒன்றை 1க்குப் பின் 170 பூஜ்யங்கள் கொண்ட எண்ணால் வகுத்தால் கிடைப்பது. பிரபஞ்சத்தின் வயது முழுவதும் காத்திருந்தாலும் நடக்காது என்பதே இதன் பொருள்.

அடுத்தது 30ஆம் படியில் இருக்கும் அணு. அது 31ஆம் படிக்கு ஏற வேண்டிய அதிர்வெண் சுமார் 232 கிகாஹெர்ட்ஸ். இந்த அதிர்வெண்ணில் ஃபோட்டான் எண்ணிக்கை:

உருகிய இரும்பின் வெப்பநிலையில் சுமார் 150.
ராயபுரத்து அறையில் 27.
காசிமேட்டு ஐஸில் 24.
எல்.என்.ஜி. தொட்டியில் 9 அல்லது 10.
திரவ ஹீலியத்தின் 4.2 கெல்வினில் 0.08.
விண்வெளி எங்கும் நிறைந்திருக்கும் 2.7 கெல்வின் பின்னணிக் கதிர்வீச்சில் 0.02க்கும் சற்றுக் கீழே.

இந்த வரிசையில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நம் தோலுக்கு அறையும் ஐஸும் முற்றிலும் வேறு. இந்த அணுவுக்கு 27க்கும் 24க்கும் உள்ள வித்தியாசம்தான். மைக்ரோ அலைப் பகுதியில் ஃபோட்டான் எண்ணிக்கை கெல்வின் வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில்தான் குறைகிறது. மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்தாலும் மூன்றில் இரண்டு பங்கு தொந்தரவுதான் நீங்கும். அணுவை உண்மையாகவே அமைதிப்படுத்த வேண்டுமானால் திரவ ஹீலியத்தின் குளிருக்கு இறங்கியே ஆகவேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தையும் சொல்ல வேண்டும். அறையில் 27 ஃபோட்டான்கள் இருப்பதால் எல்லா உயர்படி அணுக்களும் 27 மடங்கு சீக்கிரம் கலைந்துவிடுவதில்லை. லேசர் கொண்டு ஏற்றிய ரூபிடியம் போன்ற அணுவுக்கு, ஒரே தாவலில் மிகக் கீழே உள்ள படிக்கு இறங்கும் வழியும் இருக்கிறது. அந்தத் தாவலில் வெளிப்படுவது கண்ணால் காணும் ஒளியும் அதன் பக்கத்து அலைகளும். அந்த அதிர்வெண்களில் அறையின் வெப்ப ஃபோட்டான் இல்லை என்றே சொல்லலாம். ஆகவே அந்த வழியை வெப்பம் விரைவுபடுத்துவதில்லை. வெப்பம் செய்வது, பக்கத்துப் படிகளுக்கு எலக்ட்ரானை மேலும் கீழுமாகத் தள்ளிவிடுவது. இரண்டும் சேர்ந்து வரும் விளைவு: 50ஆம் படியில் எஸ் நிலையில் இருக்கும் ரூபிடியம் அணு, வெப்பமே இல்லாத இடத்தில் சுமார் 140 மைக்ரோவினாடி வாழும், 300 கெல்வின் அறையில் சுமார் 65 மைக்ரோவினாடிதான்.

எலக்ட்ரான் வட்டப் பாதையில் சுற்றும் சிறப்பு நிலைகளில் அணுவுக்கு அந்த நெடுந்தாவல் கிடையாது. ஒவ்வொரு படியாக மட்டுமே இறங்க முடியும். 50ஆம் படியில் அத்தகைய அணு தனிமையில் 30 மில்லிவினாடி அளவுக்கு வாழும். அறை வெப்பத்தில் ஒரு மில்லிவினாடிகூடத் தாங்காது. வெப்பம் இந்த அணுக்களை ஆட்டிப்படைப்பது இங்கேதான் முழுதாகத் தெரிகிறது.

இன்னும் இரண்டு விளைவுகள் உண்டு. சில ஃபோட்டான்கள் எலக்ட்ரானை அடுத்த படிக்குத் தள்ளுவதோடு நிற்காமல் அணுவை விட்டே வெளியேற்றிவிடுகின்றன, அணு அயனியாகிவிடுகிறது. மற்றது நுண்ணியது. படி மாறாமலே நின்றாலும், தளர்வாகப் பிடிக்கப்பட்ட எலக்ட்ரான் வெப்பக் கதிரின் மின்புலத்தில் நடுங்கிக்கொண்டே இருக்கிறது. அந்த நடுக்கத்தின் ஆற்றல் உயர்படிகள் அனைத்தையும் ஏறக்குறைய ஒரே அளவு மேலே தூக்குகிறது: 300 கெல்வினில் சுமார் 2.4 கிலோஹெர்ட்ஸ்.

ஆய்வகத்தில் தெரிந்தவை

பிளாங்க் விதி 1900இல் வந்தது. ஐன்ஸ்டைனின் விளக்கம் 1917இல் வந்தது. ஆனாலும் அறைச் சுவரின் வெப்பம் அணுவின் ஆயுளைக் குறைப்பதை ஆய்வாளர்கள் நேரடியாக எதிர்கொள்ள 1979 ஆகிவிட்டது. அதுவரை உயர்படி அணுக்களைத் தேவைப்பட்ட அளவில் உண்டாக்கும் வழி கைக்கு வந்திருக்கவில்லை. நிறம் மாற்றிக்கொள்ளக்கூடிய லேசர்கள் வந்த பிறகே, குறித்த ஒரு படிக்கு அணுவை ஏற்றி வைக்க முடிந்தது. அமெரிக்காவில் தாமஸ் காலகரும் வில்லியம் குக்கும் சோடியம் அணுக்களை வைத்துச் செய்த ஆய்வில், அவற்றின் ஆயுள் தன்னிச்சை உமிழ்வுக் கணக்கு சொன்னதைவிடக் குறைவாக வந்தது. சுற்றுச்சூழலின் வெப்பக் கதிர்வீச்சே காரணம் என்று 1979இல் வெளியிட்டார்கள். மின்னணுக் கருவியின் இரைச்சலோ வாயுவின் மோதலோ அல்ல, சும்மா நிற்கும் சுவர்.

1981இல் ஏ. ஜி. வைத்தியநாதன், டபிள்யூ. பி. ஸ்பென்சர், டேனியல் கிளெப்னர் மூவரும் இன்னொரு படி முன்னே போனார்கள். சோடியம் அணுக்களை இரண்டு இணை உலோகத் தகடுகளுக்கு நடுவே ஓடவிட்டார்கள். தகடுகளின் இடைவெளி, அணு விழுங்க வேண்டிய அலையின் நீளத்தில் பாதிக்கும் குறைவாக இருந்தால், அந்த அலை அங்கே புகவே இடமிருக்காது. எதிர்பார்த்தபடியே அணு வெப்பக் கதிரை உட்கவர்வது தடைப்பட்டது. வெப்பத்தைக் குளிர்வித்துத்தான் விரட்ட வேண்டும் என்பதில்லை, இடத்தின் வடிவத்தாலும் தடுக்கலாம் என்று இது காட்டியது. 1984இல் லியோ ஹோல்பர்க்கும் ஜான் ஹாலும் அந்த நுண்ணிய படி உயர்வையும் அளந்தார்கள்.

பாரிஸில் செர்ஜ் அரோஷின் குழு இந்த அறிவை உச்சத்துக்குக் கொண்டுபோனது. நியோபியம் பூசிய இரண்டு கண்ணாடிகளை 0.8 கெல்வினுக்குக் குளிர்வித்து, நடுவே 50, 51 படிகளில் இருக்கும் வட்டப்பாதை ரூபிடியம் அணுக்களை ஒவ்வொன்றாக அனுப்பினார்கள். இந்த இரு படிகளின் இடைவெளி 51 கிகாஹெர்ட்ஸ். அறை வெப்பத்தில் அங்கே சராசரியாக 122 ஃபோட்டான்கள் இருந்திருக்கும். 0.8 கெல்வினில் 0.05 மட்டும். அதாவது நூறு முறை பார்த்தால் ஐந்து முறை ஒரே ஒரு வெப்ப ஃபோட்டான் இருக்கும். அந்த ஒற்றை ஃபோட்டான் தோன்றுவதையும் மறைவதையும் 2007இல் நேரடியாகப் பதிவு செய்தார்கள். வெப்பம் என்று நாம் மொத்தமாக உணர்வதை ஒவ்வொரு துகளாக எண்ணிக் காட்டியது ரிட்பெர்க் அணு. அரோஷுக்கு 2012இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஊட்டியில் கேட்ட அணுக்கள்

ஆய்வகத்தில் இவ்வளவு சிரமப்பட்டு உண்டாக்கும் அணுக்கள் விண்மீன்களுக்கு இடையே தாமாகவே உருவாகின்றன. எலக்ட்ரானை இழந்த ஓர் அயனி, வழியில் வரும் எலக்ட்ரான் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. அது மிக உயரமான படியில் வந்து அமர்ந்து, படிப்படியாக இறங்குகிறது. உயர்ந்த படிகளில் அடுத்தடுத்து இறங்கும் ஒவ்வொரு முறையும் ஒரு வானொலி அலை வெளிப்படுகிறது. அந்த அலைகளைத் தேடலாம் என்று 1959இல் சோவியத் அறிஞர் நிகோலாய் கார்தஷேவ் எழுதினார். 1964, 65இல் சோவியத்திலும் அமெரிக்காவிலும் அவை கிடைத்தன.

தமிழ்நாட்டின் பங்கு அடுத்து வருகிறது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டிய வானொலித் தொலைநோக்கி 1970இல் இயங்கத் தொடங்கியது. நீளம் 530 மீட்டர், அகலம் 30 மீட்டர். அந்த இடத்தின் அட்சரேகை 11 டிகிரியை ஒட்டியது. அதே சாய்வுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து வைத்ததால், தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் திருப்பியே ஒரு வானப் பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர முடியும். அது கேட்கும் அதிர்வெண் 326.5 மெகாஹெர்ட்ஸை மையமாகக் கொண்டது.

ஹைட்ரஜன் அணு 273ஆம் படியிலிருந்து 272ஆம் படிக்கு இறங்கும்போது வரும் அலை சுமார் 325 மெகாஹெர்ட்ஸ். சரியாக ஊட்டியின் காதுக்குள் விழுகிறது. பெங்களூர் ராமன் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த கே. ஆர். அனந்தராமையா 1980களில் இந்தத் தொலைநோக்கியால் நம் பால்வழி மண்டலத்தின் தளம் நெடுகத் தேடி, இந்தக் கோட்டைப் பல திசைகளில் பதிவு செய்தார். பின்னர் டி. அனிஷ் ரோஷியும் அவரும் சேர்ந்து இன்னும் விரிவாக அளந்தார்கள். ஒரு கனசென்டிமீட்டருக்குச் சில எலக்ட்ரான்களே உள்ள மெல்லிய வாயு பால்வழியில் எங்கெங்கே படர்ந்திருக்கிறது என்பதை இந்த அளவீடுகள் காட்டின. இரத்தச் சிவப்பணு அளவுள்ள ஓர் அணு உடையாமல் இருக்க அத்தகைய வெறுமை வேண்டும். நம் ஆய்வக வெற்றிடங்களைவிடவும் அது வெறுமையான இடம்.

ஒரே மேகம், இரண்டு பதில்கள்

ஹைட்ரஜன் மட்டுமல்ல, கார்பனும் இப்படிப் பேசுகிறது. கார்பனிலிருந்து எலக்ட்ரானைப் பிரிக்க 11.3 எலக்ட்ரான் வோல்ட் போதும். அதனால் ஹைட்ரஜனைத் தொட முடியாத விண்மீன் ஒளியும் கார்பனை அயனியாக்கிவிடும். குளிர்ந்த மேகங்களில் ஹைட்ரஜன் முழு அணுவாக இருக்க, கார்பன் மட்டும் அயனியாகி, மீண்டும் எலக்ட்ரானைப் பிடித்து, பெருத்த அணுவாகிறது.

பெங்களூருக்கு வடக்கே கவுரிபிதனூரில் 34.5 மெகாஹெர்ட்ஸில் கேட்கும் இன்னொரு தொலைநோக்கி இருந்தது. கார்பன் அணுவின் 575ஆம் படியை ஒட்டிய கோடு அந்த அதிர்வெண்ணில் வருகிறது. அந்த அணுவின் விட்டம் 35 மைக்ரோமீட்டர். நிம்மி கந்தாரியாவும் அனந்தராமையாவும் 32 திசைகளில் தேடி, ஒன்பதில் இந்தக் கோட்டைக் கண்டார்கள். பிறகு அதே திசைகளை ஊட்டியிலிருந்து 328 மெகாஹெர்ட்ஸில், அதாவது 272ஆம் படியை ஒட்டிய கோட்டில் பார்த்தார்கள். 2001இல் வெளியான முடிவு இது: கவுரிபிதனூரில் அந்த மேகங்கள் அலையை உட்கவர்ந்தன, ஊட்டியில் அதே மேகங்கள் அலையை வெளியிட்டன.

இரண்டு கருவிகளும் சரியாகவே சொல்லியிருந்தன. வேறுபாடு, பின்னணிக் கதிர்வீச்சுக்கும் அணுவுக்கும் உள்ள உறவில் இருக்கிறது. நம் பால்வழி முழுவதும் ஒரு வானொலிப் பிரகாசம் பரவியிருக்கிறது. அதன் மூலம் வெப்பமல்ல. காந்தப்புலத்தில் சுழலும் அதிவேக எலக்ட்ரான்கள். ஆனால் ஃபோட்டான் எங்கிருந்து வந்தது என்று அணு கேட்பதில்லை. தன் அதிர்வெண்ணில் எத்தனை இருக்கின்றன என்பது மட்டுமே அதற்குக் கணக்கு. அந்தக் கணக்கில் 34.5 மெகாஹெர்ட்ஸில் பால்வழியின் பின்னணி பல ஆயிரம் கெல்வின் வெப்பமுள்ள பொருளுக்குச் சமம். மேகமோ அதைவிட மிகமிகக் குளிர்ந்தது என்று அவர்களுடைய அளவீடுகள் காட்டின.

575ஆம் படியில் அணு மிகப் பெரிதாக இருப்பதால் வழியில் போகும் எலக்ட்ரான்கள் அடிக்கடி மோதுகின்றன. எந்தப் படியில் எத்தனை அணுக்கள் இருக்க வேண்டும் என்பதை மேகத்தின் குளிர்ந்த வெப்பநிலையே பெரும்பாலும் தீர்மானிக்கிறது. குளிர்ந்த அணுக்கள், பின்னே பல ஆயிரம் கெல்வின் பிரகாசம்: அணுக்கள் விழுங்கத்தான் செய்யும். 272ஆம் படியில் மோதல் குறைவு. அங்கே மேற்படியில் அணுக்களின் எண்ணிக்கை வெப்பச் சமநிலைக்கு உரியதைவிட மிஞ்சி நிற்கிறது. பின்னணிக் கதிர் அவற்றைத் தூண்டி, தன்னையே பெருக்கிக்கொள்கிறது. அதைத்தான் ஊட்டி உமிழ்வாகப் பதிவு செய்தது. இந்த இரண்டு பதில்களையும் சேர்த்து வைத்துத்தான், எவரும் போக முடியாத ஒரு மேகத்தின் வெப்பநிலையையும் அடர்த்தியையும் கணிக்கிறார்கள்.

பின்னணிக் கதிர்வீச்சு கோட்டின் அகலத்தையும் மாற்றுகிறது. அது அணுவை ஓயாமல் படி மாற்றுவதால் ஒவ்வொரு படியிலும் அணு தங்கும் நேரம் குறைகிறது. நேரம் குறையக் குறைய கோடு அகலமாகிறது. 575ஐவிட உயர்ந்த படிகளின் கோடுகளும் பதிவாகியிருக்கின்றன. காசியோபியா ஏ என்ற விண்மீன் வெடிப்பின் எச்சத்துக்கு முன்னே உள்ள மேகத்தில், 1980இல் கார்கிவ் தொலைநோக்கியால் கொனொவலென்கோவும் சோதினும் கண்ட 26 மெகாஹெர்ட்ஸ் கோடு கார்பனின் 631ஆம் படியுடையது. அதே திசையில் 2007இல் ஆயிரத்தைத் தாண்டிய படிகளும் பதிவாயின. அந்த அணுவின் விட்டம் 0.1 மில்லிமீட்டர்: நம் தலைமுடியின் பருமன்.

இங்கே முதலில் பார்த்த வரிசைக்கு ஒரு திருத்தம் தேவைப்படுகிறது. 30ஆம் படி அணுவுக்கு 2.7 கெல்வின் பின்னணி ஒன்றுமில்லை. ஃபோட்டான் எண்ணிக்கை 0.02கூட இல்லை. ஆனால் 575ஆம் படி அணுவின் அதிர்வெண்ணில் அதே 2.7 கெல்வின் சுமார் 1,650 ஃபோட்டான்களைத் தருகிறது. குளிர் எது, சூடு எது என்பதை வெப்பமானி மட்டும் சொல்லிவிட முடியாது. அணு எவ்வளவு பெரியது என்பதையும் கேட்டே சொல்ல வேண்டும்.

தொல்லை கருவியாகும்போது

எது தன்னை இவ்வளவு எளிதில் கலைக்கிறதோ, அதை அளக்கவும் ரிட்பெர்க் அணுவால் முடியும். அமெரிக்காவின் தேசியத் தரநிர்ணய நிறுவனத்தில் ரூபிடியம் அணுக்களைக் குளிர்வித்து, உயர்படிக்கு ஏற்றி, வெப்பக் கதிர் எத்தனை அணுக்களைப் படி மாற்றுகிறது என்று எண்ணி வெப்பநிலை சொல்லும் முறையை உருவாக்கி, 2025இல் அறிவித்தார்கள். இன்னொரு வெப்பமானியோடு ஒப்பிட்டுத் திருத்த வேண்டிய தேவை அதற்கு இல்லை. அணுவின் படிகள் எங்கும் ஒன்றே என்பதால், அளவுகோல் அணுவுக்குள்ளேயே இருக்கிறது.

மின்காந்த அலைகளை அளக்கும் ரிட்பெர்க் உணரிகள் இன்னொரு பயன். கண்ணாடிக் குப்பிக்குள் இருக்கும் அணு ஆவியில் லேசர் வழியாக உயர்படிகளைக் கலைக்காமலே பார்க்கும் முறை அவற்றுக்கு அடித்தளம். அதை 2007இல் இங்கிலாந்தின் டர்ஹாமில் செய்து காட்டிய கட்டுரையின் முதல் ஆசிரியர் அஷோக் மொகபத்ரா. இப்போது புவனேசுவரத்தின் நைசர் நிறுவனத்தில் பணியாற்றும் இயற்பியலாளர். ரிட்பெர்க் அணுக்களைக் கொண்டு குவாண்டம் கணினி கட்டுவோருக்கும் அறை வெப்பம் பெரிய தடை. சில ஆய்வகங்கள் அணுக்களைச் சுற்றிய அறையை 4 கெல்வின் அளவுக்குக் குளிர்விப்பது இதனால்தான்.

நீங்களே போட்டுப் பார்க்கலாம்

இதில் உள்ள கணக்கு கடினமல்ல. வெப்பநிலையைக் கெல்வினில் எழுதி 20.8ஆல் பெருக்குங்கள். வருவதைக் கிகாஹெர்ட்சில் எழுதிய அதிர்வெண்ணால் வகுங்கள். விடை ஒன்றைவிட நன்றாகப் பெரிதாக இருந்தால், அதுவே ஏறத்தாழ வெப்ப ஃபோட்டான்களின் எண்ணிக்கை. அந்த நிலையில் அணுவின் படி மாற்றத்தைத் தீர்மானிப்பது வெப்பம்தான். விடை ஒன்றைவிடச் சிறிதானால் வெப்பத்தின் பிடி வேகமாகத் தளர்கிறது. அங்கே பிளாங்க் விதியை முழுதாகப் பயன்படுத்த வேண்டும். படி எண்ணை மாற்றினால் அதிர்வெண் மாறும். 30க்குப் பதில் 20, 60, 100 என்று வைத்துப் பாருங்கள்.

தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில் பதினொன்றாம் வகுப்பு வெப்ப இயலில் வீன் விதியும் ஸ்டெஃபான் விதியும் வருகின்றன. பன்னிரண்டாம் வகுப்பு அணு இயற்பியலில் போர் அணு மாதிரி வருகிறது. ஒரு பாடம் சுவரின் வெப்பத்தைப் பேசுகிறது, மற்றது அணுவின் படிகளைப் பேசுகிறது. இரண்டும் சந்திப்பதே இல்லை. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் இயற்பியல் நடத்தும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த இரண்டு பாடங்களையும் ஒரு வகுப்பில் சேர்த்து வையுங்கள். உங்கள் மாணவர்கள் தினமும் கடந்துபோகும் வார்ப்பாலையின், ஐஸ் பெட்டியின், எல்.என்.ஜி. தொட்டியின் வெப்பநிலைகளையே கரும்பலகையில் எழுதுங்கள். கடைசி வரியில் ஊட்டியின் 325 மெகாஹெர்ட்ஸை எழுதி, 2.7 கெல்வினுக்கு விடை காணச் சொல்லுங்கள். சுமார் 173 என்று வர வேண்டும். விண்வெளியின் குளிரும் பெருத்த அணுவுக்கு வெப்பமே என்பதை மாணவர்கள் தங்கள் கையாலேயே கண்டுகொள்வார்கள்.